தூக்கம் வரலன்னு சொன்னா அதோடு விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன், பத்தொன்பது வருசம் ஆகிறது. பத்திரிகைக்கு இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுவது தூக்கத்தைப் பற்றி. சம்பளம், காணி, வீடு என்று மலையகத்துக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது இந்த டீச்சர் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாரே என்று நினைக்க வேண்டாம். அந்த ஆயிரம் பிரச்சினையும் ராத்திரி ஒரு மணிக்கு லயத்துக் காம்பராவுக்குள், அதாவது வரிசையாகக் கட்டின ஒற்றை அறை வீட்டுக்குள், எப்படி வந்து உட்காருகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் வகுப்பில், தரம் 3-இல், ஒரு பையன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் மலை மலையாகச் சரிந்ததே, அதற்கு முன்னால் வகுப்பிலேயே அதிகம் வாயாடுகிறவன் இவன்தான். புயலுக்குப் பிறகு பள்ளி தொடங்கியதும் ஆளே மாறிப்போனான். இரண்டாம் பாடம் முடிவதற்குள் தலை மேசையில் சாய்ந்துவிடும். முதல் கிழமை ஏசினேன். அடுத்த கிழமை பைப்படிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன், மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், நான் தடுக்கவில்லை. இதை எழுதும்போதுகூட நெஞ்சு கனக்கிறது. இவ்வளவு வருசம் படிப்பித்த எனக்கு, பிள்ளை ஏன் தூங்குகிறது என்று கேட்கத் தோன்றவில்லையே.

கடைசியில் அவனுடைய அம்மாயி, அம்மாவின் அம்மா, ஒருநாள் பள்ளிக்கு வந்தார். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலை, அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார், பையனை வளர்ப்பது அம்மாயிதான். "டீச்சர், அவன் ராவுல தூங்குறதே இல்லீங்க. தகரத்துல மழை விழுந்தா போதும், எந்திரிச்சு உக்காந்துக்குவான். செருப்ப மாட்டிக்கிட்டுத்தான் படுக்குறான். ஓடுவமா அம்மாயி, ஓடுவமான்னு கேட்டுக்கிட்டே இருக்கான். நான் என்னங்க செய்ய?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

புயல் ராத்திரி அவர்களுடைய பக்கத்து லயத்தில் பின்மேடு சரிந்து இரண்டு காம்பராவை மண் மூடியது. இவர்கள் தப்பினார்கள். மூன்று கிழமை கோயில் மண்டபத்தில் படுத்திருந்துவிட்டு அதே லயத்துக்குத் திரும்பி வந்தார்கள், வேறு போக்கிடம் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படுக்கிற எட்டு வயதுப் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் காவல் இருக்கிறான். ஆபத்து வந்து போன இடத்திலேயே மறுபடியும் படுக்கச் சொன்னால் மூளை எப்படி அசந்து தூங்கும்?

2014 அக்டோபர் 29-ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலையில் மலை இறங்கி லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் சித்தி மகள் அந்தப் பக்கம்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இத்தனை வருசம் கழித்தும் ஐப்பசி அடைமழை தொடங்கினால் அவள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், முக்காடு போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாள், அவள் பிள்ளைகளும் பாதித் தூக்கத்தில் எழுந்து எழுந்து அம்மா இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளும். அந்த வீட்டில் யாரும் இதை ஒரு நோய் என்று சொன்னதில்லை. மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்து எங்கள் ஆட்கள் "மனசு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்வது குறைவு. சொன்னால் பைத்தியம் என்று பெயர் வைத்துவிடுவார்கள், அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் என்பார்கள், பெண்பிள்ளை இருக்கிற வீடு என்றால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும். ஆனால் "தூக்கம் வரல" என்பதை யாரிடமும் சொல்லலாம். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் கங்காணியிடம் சொல்லலாம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொல்லலாம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்லலாம், வெட்கமில்லை. மனசுக்குள் இருக்கிற எல்லாம் எங்கள் ஊரில் அந்த ஒரே சொல்லில்தான் வெளியே வருகிறது. கேட்கிறவர்களோ "கொத்தமல்லி அவிச்சுக் குடி", "ஒரு மாத்திரை போட்டுப் படு" என்று அதோடு முடித்துவிடுகிறோம். அந்த இடத்தில் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். எத்தனை நாளாக? ராத்திரி முழித்திருக்கும்போது மனசில் என்ன ஓடுகிறது? இந்த இரண்டையும் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் பள்ளியிலும் வீட்டிலும் கேட்கத் தொடங்கினால் எவ்வளவோ பேரை நேரத்தோடு பிடித்துவிடலாம்.

தூக்கம் கெடுவது மனநோயின் அடையாளம் மட்டும் இல்லை, அதற்குக் காரணமாகவும் ஆகிறது. நெடுநாள் தூக்கமில்லாமல் இருப்பவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு, நன்றாகத் தூங்குகிறவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. கிழமைக்கு மூன்று ராத்திரியாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்து, பகல் வேலையும் குழம்பினால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று வைத்தியர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். மூன்று மாதம் என்ன, மூன்று வருசமாக அப்படி இருப்பவர்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாயி முதலில் கோயில் பூசாரியிடம் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார். அதை நான் குறை சொல்லவில்லை, என் அம்மாவும் எனக்குக் கட்டியிருக்கிறார், கட்டின அன்றைக்குப் பிள்ளைக்கு ஒரு தைரியம் வரத்தான் செய்கிறது. கயிறு கையில் இருக்கட்டும், கிளினிக்குக்கும் போவோம் என்றேன். டிஸ்பென்சரியில் துண்டு எழுதி வாங்கி, ஆதார வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன்.

அங்கே இருந்த வைத்தியர் பெண், பொறுமையானவர். அவர் முதலில் கேட்டது, பிள்ளை எழுந்து அலறுவது படுத்த கொஞ்ச நேரத்திலா, விடியப்போகும் நேரத்திலா என்று. எனக்கு அதில் வித்தியாசம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். படுத்து ஒன்று இரண்டு மணி நேரத்தில், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து கண்ணை விரித்துக்கொண்டு அலறி, பக்கத்தில் இருக்கிறவரையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டு, பிறகு அப்படியே சாய்ந்து, காலையில் கேட்டால் ஒன்றுமே ஞாபகம் இல்லை என்றால் அது தூக்கத்தில் வருகிற மிரட்சி. அந்த நேரம் பிள்ளையை உலுக்கி எழுப்பக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது, அடுப்பு, படி, கதவுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசி மறுபடி படுக்க வைத்தால் போதும். தூக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளைகளும் இந்த வகைதான், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர அது தானாகப் போய்விடும். ஆனால் விடியற்காலைப் பக்கம் முழு விழிப்போடு எழுந்து, கண்ட கனவை ஒன்று விடாமல் சொல்லி, திரும்பப் படுக்கப் பயந்தால் அது கெட்ட கனவு. அப்போது பிள்ளையை அணைத்துக்கொண்டு சொல்வதைக் கேட்க வேண்டும். எங்கள் பையனுக்கு இரண்டாவது வகை, அதோடு மழைச் சத்தத்துக்கு எழுகிற காவல்.

பெரிய ஆபத்துக்குப் பிறகு சில கிழமைகள் தூக்கம் கெடுவது யாருக்கும் வரக்கூடியது, நிறையப் பேருக்கு அது தானாகச் சரியாகும், ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார். மருந்து எழுதவில்லை. ஒரு வேலை சொன்னார். மழை பலத்தால் என்ன செய்வது என்று பகல் வெளிச்சத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு திட்டம் போடுங்கள் என்றார். அம்மாயி அப்படியே செய்தார். டோர்ச், பிறப்புச் சான்றிதழ், ஒரு ஸ்வெட்டர், பிஸ்கட் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கதவோரம் தொங்கவிட்டார், கோயிலுக்குப் போகிற வழியை இரண்டு தடவை நடந்து காட்டினார், பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அவனிடம் சொன்னார்: "மழைய நான் பாத்துக்கிறேன் சாமி, எச்சரிக்கை வந்தா நான் எழுப்புறேன், நீ தூங்கு." காவல் வேலையை அம்மாயி வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கத் தொடங்கினான். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், பலத்த மழை பெய்த மறுநாள் இப்போதும் சாய்கிறான். நான் அவனைப் பின்வரிசை வாங்கில் படுக்க விடுகிறேன்.

இந்தப் பையனுக்குப் பிறகு காலையில் வரவு பதியும்போது பிள்ளைகளிடம் "நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?" என்று கேட்கத் தொடங்கினேன். பத்து மணிக்கு முன்னால் என்று சொன்னவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும், பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை 8 முதல் 10 மணி, பெரியவர்களுக்குக் குறைந்தது 7. எங்கள் பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும், அம்மா பிரட்டுக்குப் போகுமுன் சமைத்து, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, இவர்களையும் கிளப்ப வேண்டும், பள்ளிக்கு இரண்டு மைல் நடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள், ஒன்பது மணி நேரம் எங்கே கிடைக்கும்? தூக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து உட்காருவார், பிள்ளை பல நேரம் அப்படி இல்லை, குதிக்கும், அடிக்கும், சொல் கேட்காது, ஒரு கணக்கில் மனம் நிற்காது. இப்படிப்பட்ட பிள்ளைகளை நாங்கள் அறிக்கைப் புத்தகத்தில் "கவனயீனம்" என்று எழுதுகிறோம். எத்தனை பேருக்கு அப்படி எழுதியிருப்பேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

பத்திரிகைகளில் வருகிற ஆலோசனையெல்லாம் படுக்கையறை இருட்டாக, அமைதியாக இருக்கட்டும் என்று சொல்கிறது. படுக்கையறை இருந்தால்தானே. வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டின ஒற்றைக் காம்பராவில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. அதற்குள்தான் டிவி, அதற்குள்தான் பல்ப், அதற்குள்தான் அப்பா குடித்துவிட்டு வந்து போடுகிற சத்தம், பக்கத்துக் காம்பராவில் இருமினாலும் சுவர் வழியாகக் கேட்கும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ராத்திரி வேலை செய்கிறவர்கள் படும் பாடு இன்னும் மோசம், வாட்டின கொழுந்தை அரைக்கிற வேலை ராத்திரியில்தான் தொடங்கும், விடிந்து வீட்டுக்கு வந்து பகலில் கண்ணை மூடினால் லயம் முழுக்க விழித்திருக்கும். இதற்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் பதில், ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது கௌரவத்துக்காக மட்டும் கேட்பதில்லை, பிள்ளையின் தூக்கத்துக்காகவும் கேட்பது. அதுவரைக்கும் ஒன்றே ஒன்றை என்னால் சொல்ல முடிந்தது. ஒன்பது மணிக்கு டிவியையும் பல்பையும் அணைப்பது என்று லயத்தில் ஒரு வரிசையே ஒத்துக்கொண்டால், அத்தனை காம்பராவுக்கும் ஒரே நேரத்தில் அமைதி கிடைக்கும். எங்கள் லயத்தில் நான்கு வீடு ஒத்துக்கொண்டது. அந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளையும் எனக்கு வகுப்பில் தெரிகிறது.

திருவிழாக் காலத்து ஒலிபெருக்கியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்குப் பிறகு காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. காமன் கூத்து விடிய விடிய ஆடினால் ஆடட்டும், நானும் போய்ப் பார்க்கிறவள்தான், தப்பு மேளச் சத்தம் ஒரு ராத்திரியோடு போய்விடும். பத்து நாள் விடியும்வரை பாட்டுப் போடுவதற்கு எந்த சாமியும் கேட்கவில்லை.

அப்புறம் தேத்தண்ணி. நாங்கள் பறித்து உலகத்துக்குக் கொடுக்கிற சாமானைப் பற்றி நானே இப்படி எழுதுவது கஷ்டம்தான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் நாற்பது ஐம்பது மில்லிகிராம் அளவுக்குக் கஃபீன் இருக்கும், குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். நாங்களோ ராத்திரிச் சாப்பாடு கொஞ்சமாக இருந்தால் பிள்ளைக்கும் சீனி போட்ட வெறுந்தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். பிறகு பிள்ளை புரளுகிறது, படுக்கையை நனைக்கிறது என்று அடிக்கிறோம். ஐந்து வயது வரைக்கும் படுக்கையை நனைப்பது சாதாரணம், அதற்குப் பிறகும் நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கும், அடித்தால் கூடுமே தவிரக் குறையாது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி தொடங்கினால் அதைக் கவனிக்க வேண்டும், மனசுக்குள் ஏதாவது நடந்திருக்கலாம், சில நேரம் சிறுநீர்த் தொற்று, சீனி வருத்தம் கூட இருக்கலாம்.

தேத்தண்ணியில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை எங்கள் பெண்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற தேத்தண்ணி, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. ஏற்கெனவே இரத்தம் குறைவான பெண்கள். ராத்திரி படுத்தவுடன் கெண்டைக்கால்ல ஏதோ ஊருது, கொடையுது, ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு, எழுந்து நாலடி நடந்தா சரியாகுது, மறுபடி படுத்தா மறுபடி வருது என்று சொல்கிற பெண்களை ஒவ்வொரு லயத்திலும் நான் பார்த்திருக்கிறேன். பகல் முழுக்க மேட்டில் ஏறிக் கொழுந்து பறித்த அலுப்பு என்று தைலம் தேய்த்துவிட்டுப் போகிறோம். அலுப்பாக இருந்தால் படுத்தவுடன் ஆற வேண்டும், இது படுத்தவுடன் தொடங்குகிறது, மாலையும் ராத்திரியும்தான் கூடுகிறது. இது அமைதியற்ற கால் என்று சொல்கிற ஒரு தூக்க வருத்தமாக இருக்கலாம், அதற்கு இரும்புச் சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். இரத்தப் பரிசோதனை செய்து, தேவையென்றால் வைத்தியர் சொல்கிற இரும்பு மாத்திரை எடுத்தால் நிறையப் பேருக்குக் குறையும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடித்தால் அதுவே ஓர் உதவி. என் பக்கத்துக் காம்பரா அக்கா எட்டு வருசம் காலை ஆட்டிக்கொண்டே ராத்திரியைக் கழித்தார், அவரைப் பார்த்து "ஒனக்கு நரம்புத் தளர்ச்சி", "நீ ரொம்ப யோசிக்கிற" என்று சொல்லாத ஆள் இல்லை. அவருக்கு இருந்தது இரத்தக் குறைவு.

ஆண்களின் குறட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நினைக்காதீர்கள். குறட்டை நடுவில் நின்று, மூச்சே இல்லாமல் சில நொடி போய், திக்கென்று மூச்சை இழுத்தால் அது மூச்சுத் தடைபடுகிற வருத்தம். காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், சட்டென்று கோபம், பிரஷர் எல்லாம் கூட வரும். சாராயம் குடித்தால்தான் தூக்கம் வரும் என்கிற அண்ணன்மார்களுக்கும் இதுதான், குடி சீக்கிரம் படுக்க வைக்கும், பாதி ராத்திரிக்கு மேல் தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டும், தொண்டைத் தசையைத் தளர்த்தி அந்த மூச்சுத் தடையையும் கூட்டும். பிள்ளைகள் தினமும் குறட்டை விட்டாலும் காட்டுங்கள், தொண்டைச் சதை வீங்கியிருக்கலாம்.

இளம் பிள்ளைகளுக்கு "பேய் அமுக்குது" என்று ஒரு பயம் இருக்கிறது. கண் முழித்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சில் ஏதோ உட்கார்ந்திருக்கிற மாதிரி, வாயைத் திறந்து கத்தவும் முடியாது. கனவு காண்கிற நேரத்தில் உடம்பு அசையாதபடி மூளை தசைகளைப் பூட்டி வைக்கிறது, அந்தப் பூட்டுத் திறக்குமுன் விழிப்பு வந்துவிட்டால் இப்படி இருக்கும், ஓரிரு நிமிடத்தில் போய்விடும். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் விடிய விடியப் படித்துவிட்டு நேரங்கெட்ட நேரத்தில் படுக்கும்போது இது அதிகமாக வரும். அந்த வயதில் ராத்திரி தூக்கம் வருகிற நேரமே உடம்புக்குள் ஒரு மணி, இரண்டு மணி தள்ளிப்போகும், அது பிள்ளையின் சோம்பல் இல்லை. அதோடு போனும் கையில் இருந்தால் எப்படி உறங்கும்?

இனி என் அம்மாவைப் பற்றி. எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மா முப்பத்தெட்டு வருசம் கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் பேர் நின்று ஓய்வு பெற்ற அடுத்த வருசம் என் தம்பி தவறிப்போனான். அதற்குப் பிறகு அம்மா ராத்திரி எட்டு மணிக்கே படுத்துவிடுவார், இரண்டு மணிக்கு முழித்துவிடுவார், அதற்கப்புறம் தூக்கமே இல்லை. அடுப்படியில் விளக்கும் போடாமல் உட்கார்ந்திருப்பார். விடியும் நேரம்தான் அவருக்கு மிகவும் பாரமாக இருக்கும், சாயந்திரம் கொஞ்சம் தெளிவார். நேரத்துக்கு முன்னால் முழித்துக்கொள்வதும், காலையில் கனத்து மாலையில் லேசாவதும் மனச்சோர்வு நோயின் நன்றாகத் தெரிந்த அடையாளங்கள் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. வயசானால் தூக்கம் குறையும் என்றுதான் நாங்கள் எல்லாரும் சொன்னோம். யாரோ சொன்னார்கள் என்று பாமசியில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஒன்று இரண்டாகியது. இல்லாத நாளில் கை நடுங்கும், வியர்க்கும். அப்படிப்பட்ட மாத்திரைகளுக்கு உடம்பு பழகிவிடும், சட்டென்று நிறுத்தவும் கூடாது, வைத்தியர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஓர் அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். வைத்தியர் நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமே தவிர மனசைச் சொல்லப் போதாது. அங்கே வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர், "சாகணும்னு தோணுதான்னு கேக்குறாங்க" என்று அம்மாவிடம் கேட்டார். பின்னால் எங்கள் தோட்டத்து ஆட்கள் நிற்கிறார்கள். அம்மா "இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க, தூக்கம்தான் வரல" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகு அவர் எந்த கிளினிக்குக்கும் வரச் சம்மதிக்க ஒன்றரை வருசம் ஆனது. அந்த ஒன்றரை வருசமும் நான் ராத்திரி ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே படுத்தேன். இன்றைக்கு நன்றாக இருக்கிறார். தமிழ் பேசுகிற ஒரு வைத்தியர் கதவை மூடிவிட்டு அரை மணி நேரம் கேட்டதில் தொடங்கின குணம் அது. தம்பியின் பெயரை அம்மா வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

1987-இல் அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச மொழியாகிவிட்டது. பெயர்ப்பலகையில் தமிழ் தப்பாக இருந்தால் படம் எடுத்துப் போடுகிறோம், அதுவும் சரிதான். ஆனால் பலகையை விட ஆயிரம் மடங்கு முக்கியம், தூக்கமில்லாத ஒரு அம்மா கிளினிக் அறையில் தன் பாஷையில் மூடின கதவுக்குப் பின்னால் பேசுவது. இரத்தப் பரிசோதனைக்கு மொழி வேண்டாம், மனசுக்கு மொழிதான் பரிசோதனை. மலையகத்தில் இருக்கிற மனநல கிளினிக் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற, வாயை மூடி வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு தமிழ் பேசுகிற உத்தியோகத்தர் வேண்டும் என்று எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இந்தக் கடிதம் மூலமாகக் கேட்கிறேன். எங்கள் பிள்ளைகள் கெம்பஸ் போய்ப் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கிறார்கள், ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம்.

தோட்டத்து வைத்திய உத்தியோகத்தர்களிடமும் மருத்துவ மாதுக்களிடமும் ஒரு வேண்டுகோள். கர்ப்பிணித் தாயைப் பார்க்க வரும்போது நிறை, பிரஷர் கேட்கிறீர்கள், அதோடு தூக்கத்தையும் கேளுங்கள். பிள்ளை பெற்ற பெண், பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஒருவர் திடீரென்று மூன்று நாள் நான்கு நாள் தூங்காமல், களைப்பும் இல்லாமல், அளவுக்கு மீறிப் பேசிக்கொண்டும் செலவழித்துக்கொண்டும் திரிந்தால் அதுவும் உடனே காட்ட வேண்டிய விஷயம். அதிபர்மாரிடம் கேட்பது, காலை வகுப்பில் தூங்குகிற பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை வீட்டில் விசாரிக்கச் சொல்லுங்கள், ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் வகுப்பை விடியற்காலை ஐந்தரைக்கு வைக்காதீர்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்கள் லயத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, அவர்களை மாதம் ஒரு தடவையாவது தோட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

மாத்திரை இல்லாமல் தூக்கமின்மைக்கு வைத்தியம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு, இருக்கிறது, உலகமெங்கும் வைத்தியர்கள் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் சொல்வது அதைத்தான், பேச்சும் பழக்கமும் சேர்ந்த ஒரு முறை. அம்மாவுக்குச் சொன்னதை எழுதுகிறேன். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது. தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போவது. இருபது நிமிடம் போல் புரண்டும் வரவில்லை என்றால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டு, தூக்கம் வந்த பிறகு திரும்பப் படுப்பது. பகல் தூக்கத்தைக் குறைப்பது. முதல் இரண்டு கிழமை சிரமமாக இருக்கும், அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார், பிறகு பழகியது. ஆனால் மனச்சோர்வு இருக்கிறவர்களுக்கு இது மட்டும் போதாது, அதற்குரிய மருந்தும் பேச்சும் தனியாக வேண்டும், அம்மாவுக்கும் கொடுத்தார்கள்.

1995-ஆம் ஆண்டு அளவில் இந்த நாட்டில் லட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். மிக நச்சான பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அந்தத் தொகை பெரிய அளவில் குறைந்தது. ஆபத்தான நேரத்தில் ஒரு மனிதனின் கைக்கு மருந்துப் போத்தல் எட்டாமல் செய்தாலே உயிர் மிஞ்சுகிறது என்பதற்கு இந்த நாடே சாட்சி. அந்த ஆபத்தான நேரம் பெரும்பாலும் தூக்கமில்லாத ராத்திரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன், அம்மாவை வைத்துக்கொண்டு நான் கண்டது அது. வீட்டில் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை வைத்திருப்பவர்கள் பூட்டி வையுங்கள், சாவியை நன்றாகத் தூங்குகிறவர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்குக் கடைசியாக ஒரு கேள்வி. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்து மனநல உதவி கேட்கலாம், தேசிய மனநல நிறுவகம் நடத்துகிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். அந்த நான்கு எண்ணையும் உங்கள் பத்திரிகையில் ஒவ்வொரு கிழமையும் ஒரே மூலையில் பெரிய எழுத்தில் போட முடியுமா? எங்கள் பையனின் அம்மாயிக்கு வாசிக்கத் தெரியாது. அவன் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவான், பத்திரிகைத் தாளைத்தான் அவர்கள் காம்பராச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

என் பெயரையும் பள்ளியின் பெயரையும் போட வேண்டாம், பையனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது. அம்மாவிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டேன், அவர் பகுதியைப் போடச் சம்மதித்தார்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.